ஆளில்லாத ஊர் என்று யார் சொன்னது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே நார்வேயின் வடகோடியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். ஃபின்மார்க் மாவட்டத்தில் கௌத்தோகெய்னோ என்று ஒரு நகராட்சி, பரப்பளவில் நாட்டிலேயே பெரியது, மூவாயிரம் பேர்கூட இல்லை, அதில் பெரும்பாலோர் சாமி பழங்குடி மக்கள், அவ்வளவுதான் எழுதினேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றியே கேட்கின்றன, அதிலும் பலர் "அந்த ஆளில்லாத ஊர்" என்றே குறிப்பிடுகிறார்கள். அந்த வார்த்தையோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. அதனால் இந்த இதழின் கேள்வி பதில் முழுக்க அந்த ஒரே ஊருக்கு.

• மூவாயிரம் பேர்கூட இல்லாத இடத்தை நகராட்சி என்கிறீர்களே, எங்கள் வார்டிலேயே அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். அச்சுப்பிழையா?
– வாசகர், திருச்சி

அச்சுப்பிழை இல்லை. பஞ்சாயத்து, பேரூராட்சி, மாநகராட்சி என்று நாம் அடுக்கிவைத்திருக்கும் படிகள் நார்வேயில் கிடையாது. நாடு முழுவதும் 357 உள்ளாட்சிகள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே வகைப் பொறுப்பு. ஏழு லட்சம் பேர் இருக்கும் ஓஸ்லோவும் அதில் ஒன்று, மூவாயிரத்தைத் தொடாத கௌத்தோகெய்னோவும் ஒன்று. ஆரம்பப் பள்ளி நடத்துவது, ஊர் மருத்துவரை வைத்திருப்பது, முதியோரைப் பார்த்துக்கொள்வது, குடிதண்ணீர், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று தீர்மானிப்பது, எல்லாம் அந்த நகராட்சியின் தலையில்.

பரப்பளவு சுமார் 9,700 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் தலைக்கு மூன்று சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. பாதிப் பேர் கௌத்தோகெய்னோ என்ற மையக் கிராமத்திலேயே ஆற்றங்கரை ஓரமாக இருக்கிறார்கள், மீதிப் பேர் மாசே போன்ற சிறு ஊர்களில் சிதறியிருக்கிறார்கள். மாசே வடக்கே அறுபது கிலோமீட்டர் தள்ளி. பயணிகள் விமானம் வேண்டுமென்றால் 130 கிலோமீட்டர் போய் ஆல்டாவில் ஏற வேண்டும், பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஹாமர்ஃபெஸ்ட், அது இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல். பிரசவ வலி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், அந்த ஊர்ப் பெண்களுக்கு அது உண்மையான கவலை.

வரைபடத்தைப் பார்த்துவிட்டு காலி இடம் என்று சொல்வதுதான் நான் சொன்ன சண்டை. அந்த 9,700 சதுர கிலோமீட்டரில் எந்தப் பள்ளத்தில் பனி எப்படி விழும், எந்தச் சரிவில் டிசம்பரில் மேய்ச்சல் கிடைக்கும், எந்த ஆற்றை எந்த வாரத்தில் தாண்டலாம், எந்தக் குடும்பம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. வீடு இல்லாத இடம், சரி. ஆனால் பயன்பாட்டில் இல்லாத இடம் என்று எதையும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

• அங்கே எல்லோரும் மான் மேய்ப்பவர்கள்தானா? ஒரு குடும்பத்துக்கு எத்தனை மான் இருக்கும்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

இரண்டாவது கேள்வியை அங்கே போய் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். பேங்கில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பதற்குச் சமம், சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நார்வேயில் உள்ள சாமி மக்களை மொத்தமாக எடுத்தால் ரெயின்டீர் என்கிற பனிப்பிரதேச மானை மேய்ப்பவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மற்றவர்கள் மீன்பிடிப்பவர்கள், ஆசிரியர்கள், நர்ஸ்கள், ஓஸ்லோவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். ஆனால் கௌத்தோகெய்னோ விதிவிலக்கு. அந்தத் தொழிலின் தலைநகரம் என்றே சொல்லலாம், வேறு வேலையில் இருப்பவருக்குக்கூட அண்ணனோ சித்தப்பாவோ மச்சானோ மந்தையில் இருப்பார்.

இவை நம் ஊர் ஆடுமாடு போலப் பட்டியில் அடைத்து வளர்ப்பவை அல்ல, மான்கள் தாமாகவே பருவத்துக்குப் பருவம் இடம்மாறும், மனிதர்கள் பின்னால் போகிறார்கள். குளிர்காலம் உள்நாட்டுப் பீடபூமியில், அதாவது கௌத்தோகெய்னோவில். கோடை, வடக்கே கடற்கரையிலும் தீவுகளிலும். ஏன் இப்படி? உள்நாட்டில் கடுமையாகக் குளிரும், ஆனால் வறண்ட குளிர், பனி பொடிப்பொடியாக, மெல்லிசாக இருக்கும், மான் குளம்பால் தோண்டி அடியில் இருக்கும் லைக்கனை, அந்த வெளுத்த பாசி மாதிரியான ஒன்றை, தின்றுவிடும். கடலோரத்தில் குளிர்காலம் அவ்வளவு கடுமையில்லை, ஆனால் மழையும் உருகலும் மாறிமாறி வந்து தரை ஐஸ் பிடித்துவிடும். கோடையில் நேர்மாறு: உள்நாட்டில் கொசு பிய்த்து எடுக்கும், கடலோரத்தில் காற்று அடிக்கும், புல் பச்சையாக இருக்கும். ஏப்ரல் வாக்கில் கிளம்பினால்தான் மே மாதம் சினை மான்கள் கன்று போடுவதற்குள் சரியான இடத்துக்குப் போய்ச் சேர முடியும். சில தீவுகளுக்கு மந்தை கடலில் நீந்தியே போகும், சிலவற்றைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள்.

கன்றுகளுக்குக் கோடையில் காதில் கத்தியால் சின்னச் சின்ன வெட்டுப் போடுவார்கள். ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனி வெட்டு, பதிவு செய்யப்பட்டது, குழந்தைகளுக்கும் தங்கள் பெயரில் ஒன்று உண்டு. ஓடுகிற மந்தையில் தூரத்திலிருந்தே காதைப் பார்த்து இது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். சில குடும்பங்கள் சேர்ந்து மேய்க்கும் குழுவுக்கு சீடா என்று பெயர், யார் எப்போது காவல், எப்போது நகர்வது என்பதெல்லாம் அங்கே முடிவாகும். மான் தனித்தனி ஆளுடையது, மேய்ச்சல் கூட்டாக.

அரசாங்கம் இதில் தலையிடுவது நிறைய. நார்வேயின் சாமி மேய்ச்சல் பகுதிகளில் சாமி மக்களுக்கு மட்டுமே இந்த உரிமை உண்டு, அதோடு மந்தையின் அளவுக்கு உச்சவரம்பும் உண்டு. மேய்ச்சல் நிலம் தேய்கிறது என்று சொல்லி எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னபோது சில இளைஞர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதில் ஒரு வழக்கு 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் வரை போய்த் தோற்றது. மந்தை சின்னதாக இருப்பவரும் பெரியதாக இருப்பவரும் ஒரே சதவீதத்தில் வெட்டு வாங்கினால் சின்னவர் பிழைக்க முடியாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதம் நியாயமாகவே படுகிறது.

• மைனஸ் நாற்பது டிகிரி என்கிறார்களே, நிஜமா? எப்படி வாழ்கிறார்கள்?
– வாசகர், சேலம்

நிஜம். நார்வேயிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை பக்கத்து நகராட்சியான காராஷோக்கில்தான், 1886 ஜனவரி 1 அன்று மைனஸ் 51.4. கௌத்தோகெய்னோவில் மைனஸ் முப்பது சாதாரணம், நாற்பதும் வரும். கார் எஞ்சினுக்கு இரவில் மின்சார ஹீட்டர் மாட்டிவைக்காவிட்டால் காலையில் கிளம்பாது.

உடையில் எனக்குப் பிடித்தது அவர்களுடைய பழைய ஷூ. மானின் கால் தோலில் தைத்தது, முனை மேல்நோக்கி வளைந்திருக்கும், பனிச்சறுக்குக் கட்டையின் வாரில் மாட்டிக்கொள்ள அது வசதி. உள்ளே சாக்ஸுக்குப் பதில் காயவைத்துத் தட்டி மெதுவாக்கிய ஒருவகைக் கோரைப்புல்லை அடைப்பார்கள். வியர்வையை உறிஞ்சும், சூட்டை வைத்திருக்கும், ராத்திரி எடுத்து உலர்த்தினால் மறுநாளைக்குத் தயார். இப்போது தினசரிக்கு ரப்பர் பூட்ஸும் பஞ்சு வைத்த ஓவராலும்தான், ஆனால் கடுங்குளிரில் மந்தையோடு போகிறவர்களில் பலர் இன்னும் தோலையே நம்புகிறார்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை சூரியன் தலைகாட்டாது. அதற்காகக் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம், மத்தியானம் சில மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும், பனி அதைப் பிரதிபலிக்கும்.

• அங்கே ஒரு கலவரம் நடந்து தலையை வெட்டினார்கள் என்று எங்கோ படித்தேன். விவரம் சொல்ல முடியுமா சார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

1852 நவம்பர் 8. இந்த ஒரு நாளைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய சில விஷயங்கள் வேண்டும்.

எல்லைக்கு அப்பால் ஸ்வீடன் பக்கத்தில் லேஸ்டாடியுஸ் என்று ஒரு பாதிரியார், தாவரவியலாளரும்கூட, குடியை விடு, மனந்திரும்பு என்று சாமி மக்கள் நடுவே பெரிய அலையைக் கிளப்பியிருந்தார். கௌத்தோகெய்னோவில் சாராயம் விற்றது வியாபாரி. கடனில் குடி, கடனுக்கு மான். குடியை விட்டவர்களுக்கு அந்த வியாபாரி யார் என்பது தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. இவர்கள் தேவாலயத்தில் பாதிரியாரை எதிர்த்துச் சத்தம் போட்டார்கள், அதற்காக அதிகாரிகள் இவர்கள்மேல் வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள், சிறைக்கும் அனுப்பினார்கள், செலவுக்கும் மானையே பிடித்துக்கொண்டு போனார்கள். அதே 1852-இல் இன்னொன்றும் நடந்தது, அப்போது ரஷ்யாவின் கையில் இருந்த பின்லாந்துடனான எல்லை மூடப்பட்டது, தலைமுறை தலைமுறையாகத் தெற்கே போய்க் குளிர்காலம் கழித்த மந்தைகளுக்கு வழி அடைபட்டது. மதக் கலவரம் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்பவர்கள் இந்த எல்லை விவகாரத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அன்று காலை ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம் ஊருக்குள் வந்தது. வியாபாரியையும் அரசாங்க அதிகாரியையும் கொன்றார்கள், வியாபாரி வீட்டைக் கொளுத்தினார்கள், பாதிரியாரையும் வேறு பலரையும் சவுக்கால் அடித்தார்கள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த வேறு சாமி மக்கள்தான் சண்டையிட்டு இவர்களைப் பிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், நார்வேக்காரர்கள் ஒரு பக்கம், சாமி மக்கள் ஒரு பக்கம் என்று நேர்க்கோடு போட இந்தக் கதையில் இடமில்லை. பலருக்குச் சிறை, ஐந்து பேருக்கு மரண தண்டனை, அதில் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைந்தது. அஸ்லாக் ஹெட்டா, மோன்ஸ் சொம்பி இருவரையும் 1854 அக்டோபர் 14 அன்று ஆல்டா பக்கம் தலையை வெட்டிக் கொன்றார்கள்.

உடல்களை அங்கேயே புதைத்தார்கள். தலைகளைப் புதைக்கவில்லை, ஆராய்ச்சிக்கு என்று பல்கலைக்கழக உடற்கூறியல் துறைக்கு அனுப்பினார்கள். குடும்பத்தாரும் சாமி அமைப்புகளும் கேட்டுக் கேட்டு, 1997-இல்தான் இரண்டு மண்டை ஓடுகளும் திரும்பி வந்து அடக்கம் செய்யப்பட்டன. தேடிப் பார்த்தபோது அதில் ஒன்று கோபன்ஹேகன் வரை போயிருந்தது தெரிந்தது.

சிறைக்குப் போனவர்களில் லார்ஸ் ஹெட்டா என்று ஒரு பையன், சம்பவத்தின்போது பதினெட்டு வயது. சிறையில் உட்கார்ந்து பைபிளைச் சாமி மொழிக்கு மொழிபெயர்க்கும் வேலையில் ஈடுபட்டார்.

• அவர்கள் மொழி இன்னும் இருக்கிறதா? பள்ளியில் சொல்லித்தருகிறார்களா?
– வாசகி, மதுரை

கௌத்தோகெய்னோவில் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. கடையில், ஸ்கூலில், நகராட்சி அலுவலகத்தில் வடசாமி மொழிதான் காதில் விழும். ஊருக்கு வெளியே இருந்து வருகிற நார்வேக்காரர்தான் அங்கே சிறுபான்மை.

மற்ற இடங்களில் இப்படி இல்லை, அதற்குக் காரணம் அரசாங்கமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் நூறு ஆண்டு, சாமி பிள்ளைகளை நார்வே பிள்ளைகளாக மாற்றுவது என்பது வெளிப்படையான கொள்கை. 1880-இல் வந்த உத்தரவில் பள்ளியில் நார்வே மொழிதான் என்று இறுக்கினார்கள், விடுதிப் பள்ளிகள் கட்டி ஏழு வயசுப் பிள்ளையை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். 1902-இன் நிலச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே: ஃபின்மார்க்கில் அரசு நிலம் வாங்க வேண்டுமா, நார்வே மொழி பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அதையே அன்றாடம் பயன்படுத்தவும் வேண்டும். மொழி தெரியாவிட்டால் மண் கிடையாது.

மன்னர் ஐந்தாம் ஹாரால்ட் 1997-இல் சாமி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2018-இல் அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023 ஜூனில் அறிக்கை கொடுத்தது, 2024 நவம்பரில் நார்வே நாடாளுமன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு நல்லதுதான், ஆனால் சாமி தெரிந்த ஆசிரியர், சாமி தெரிந்த டாக்டர் போதுமான அளவுக்கு இல்லை என்பது நேற்றும் பிரச்சினை, இன்றும் பிரச்சினை.

கௌத்தோகெய்னோ தப்பித்ததற்குப் பெரிய காரணம் ஊர் முழுக்க அதே மொழி பேசியதுதான் என்று நினைக்கிறேன், விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் தாத்தா பாட்டியிடம் வேறு எதில் பேசுவது? இப்போது அங்கே பாலர் பள்ளியிலிருந்து மேல்படிப்பு வரை சாமியில் போகலாம். சாமி உயர்கல்வி நிறுவனம் 1989-இல் தொடங்கியது, ஆசிரியர் பயிற்சி, பத்திரிகையியல் எல்லாம் உண்டு. மேல்நிலைப் பள்ளியிலேயே மான் வளர்ப்பு ஒரு பாடப்பிரிவு. 1981-இல் தொடங்கிய சாமி நாடகக் குழுவும் இந்த மேல்நிலைப் பள்ளியும் 2024-லிருந்து ஒரே புதுக் கட்டடத்தில் இயங்குகின்றன. மூவாயிரம் பேர் ஊருக்கு ஒரு தேசிய நாடக அரங்கு, இதற்கு நான் பொறாமைப்படுகிறேன் என்பதை மறைக்கவில்லை.

• சாமி நாடாளுமன்றம் என்கிறீர்கள். தனி நாடா கேட்கிறார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. அந்த நாடாளுமன்றம் பிறந்த கதை இந்த ஊர் ஆற்றில் தொடங்குகிறது, அதைச் சொன்னால் பதில் தானாக வரும்.

1960-களின் கடைசியில் ஆல்டா–கௌத்தோகெய்னோ ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். முதல் திட்டப்படி மாசே கிராமம் முழுக்கத் தண்ணீருக்குள் போகும். ஆளில்லாத இடம்தானே, நான் சொன்னேனே, அதே பார்வை. 1970-இல் அதிகாரிகளும் எம்.பி.க்களும் வந்தபோது மாசே மக்கள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நாங்கள்தான் முதலில் வந்தோம் என்று. மாசே தப்பியது. ஆனால் சிறிதாக்கிய அணையை விடவில்லை, 1978-இல் நார்வே நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

1979 கோடையில் ஸ்டில்லா என்ற இடத்தில் ரோடு போட வந்த இயந்திரங்களுக்கு முன்னால் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். அக்டோபரில் சில சாமி இளைஞர்கள் ஓஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே தங்கள் கூடாரத்தை அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். தலைநகரத்துக்காரர்கள் பலருக்குத் தங்கள் நாட்டில் இப்படி ஒரு மக்கள் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் உறைத்தது. 1981 ஜனவரியில் அறுநூறு போலீஸ் போய், கொட்டும் குளிரில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டிருந்தவர்களை அறுத்து எடுத்தது. அடுத்த மாதம் சாமி பெண்கள் பிரதமர் அலுவலகத்தில் புகுந்து உட்கார்ந்தார்கள். 1982-இல் உச்சநீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகச் சொன்னது, 1987-இல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது.

அணையில் தோற்றார்கள், ஆனால் அதே 1987-இல் சாமி சட்டம் வந்தது, 1988-இல் அரசியல் சாசனத்தில் சாமி மொழி, பண்பாடு பற்றி ஒரு பிரிவு சேர்ந்தது, 1989 அக்டோபரில் காராஷோக்கில் சாமி நாடாளுமன்றத்தை மன்னர் ஐந்தாம் ஓலாவ் திறந்துவைத்தார். 1990-இல் பழங்குடிகள் பற்றிய, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 169-ஆம் உடன்படிக்கையை உலகத்தில் முதல் நாடாக நார்வே ஏற்றது. 2006-இல் ஃபின்மார்க்கின் சுமார் 95 சதவீத நிலம் அரசின் கையிலிருந்து ஒரு தனி அமைப்புக்கு மாறியது, அதன் குழுவில் பாதிப் பேரைச் சாமி நாடாளுமன்றம் நியமிக்கிறது.

சாமி நாடாளுமன்றத்துக்கு 39 உறுப்பினர்கள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். மொழி, பண்பாடு, கல்வியில் பணமும் அதிகாரமும் உண்டு. சுரங்கம், காற்றாலை என்று வந்தால் அரசு அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும், ஆனால் வேண்டாம் என்று தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

• என் அப்பா 80-களில் ஃபின்மார்க் கடலோரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஊரில் சாமி ஆட்கள் யாரும் இல்லை என்றுதான் சொல்வார். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது.
– வாசகி, ஓஸ்லோ

உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை தங்கச்சி, அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இலங்கையிலிருந்து போன நம் ஆட்கள் ஃபின்மார்க்கின் மீன்பிடி ஊர்களில் மீன் வெட்டிய காலம் அது, உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்விட்டார்கள், தொழிற்சாலைக்கு ஆள் வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களில் எத்தனையோ பேர் கடலோரச் சாமி குடும்பங்களாக இருந்திருக்கலாம். மான் இல்லை, வண்ண உடை இல்லை, மொழியும் பெரும்பாலும் போய்விட்டது, அவர்களே வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

நார்வேமயமாக்கல் கடலோரத்தில்தான் மிகக் கடுமையாக விழுந்தது. அப்புறம் 1944. பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க்கைக் கொளுத்திக்கொண்டே போனது, சுமார் ஐம்பதாயிரம் பேரைக் கட்டாயமாகத் தெற்கே அனுப்பினார்கள், போக மறுத்தவர்கள் குகையிலும் குடிசையிலும் ஒளிந்திருந்தார்கள். கௌத்தோகெய்னோவின் பழைய தேவாலயமும் அப்போது எரிந்ததுதான். திரும்பி வந்தபோது பழைய வீடு, பழைய படகு, பழைய உடுப்பு எதுவும் இல்லை, அரசு கட்டிக்கொடுத்த ஒரே மாதிரி வீடுகளில் எல்லோரும் நார்வேக்காரர்களாகவே குடியேறினார்கள் என்று சொல்லலாம். வெளியே தெரிந்தால் ஏளனம். பாட்டி சாமி என்பதை வளர்ந்த பிறகு கண்டுபிடித்த பேரப்பிள்ளைகள் இன்று நிறையப் பேர், தைரியமாகப் பண்டிகை உடை தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அப்பாவிடம் பக்கத்தில் வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பெயர்களை நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

• காற்றாலை, சூரிய சக்தி எல்லாம் இயற்கைக்கு நல்லதுதானே, அதையும் எதிர்க்கிறார்களாமே? இது வீம்பு இல்லையா?
– பொறியாளர், சென்னை

வீம்பு இல்லை. மான் காற்றாலைப் பக்கம் வராமல் ஒதுங்கும், குறிப்பாகக் கன்றோடு இருக்கும் தாய் மான். கோபுரம் நிற்கிற இடம் மட்டும் போகவில்லை, அதைச் சுற்றிப் பல கிலோமீட்டர் மேய்ச்சல் போகிறது, அதோடு ரோடு, மின்கம்பி. தெற்கே போசென் பகுதியில் இப்படித்தான் கட்டினார்கள், 2021 அக்டோபர் 11 அன்று நார்வே உச்சநீதிமன்றம் அந்த உரிமங்கள் செல்லாது, சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த பிறகும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஐந்நூறாவது நாள் நெருங்கியபோது, 2023 பிப்ரவரியில், இளைஞர்கள் ஓஸ்லோவில் அமைச்சக வாசலை மறித்தார்கள். பிறகு நஷ்டஈடு, மாற்று மேய்ச்சல் என்று சமரசம் ஆனது, ஆலைகள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன.

பருவநிலை மாற்றத்தின் முதல் அடி ஏற்கெனவே இவர்கள் மேல் விழுந்துவிட்டது. குளிர்காலத்தின் நடுவில் திடீரென்று மழை பெய்கிறது, பிறகு உறைகிறது, லைக்கனுக்கு மேல் ஐஸ் பலகை. மானால் தோண்ட முடியாது, பட்டினி. டிரக்கில் தீவனம் கொண்டுவந்து ஸ்னோ ஸ்கூட்டரில் இழுத்துப் போய்க் கொட்ட வேண்டியிருக்கிறது, அந்தச் செலவில் மாமிசம் விற்றுக் கட்டுப்படி ஆவதில்லை. நோய்க்கும் அவர்கள் நிலம், மருந்துக்கும் அவர்கள் நிலம் என்றால் கோபம் வராதா?

ஆனால் ஊர் முழுக்க ஒரே குரல் என்று நினைக்காதீர்கள். கௌத்தோகெய்னோ உள்ளாட்சித் தேர்தலில் மான் மேய்க்கும் சாமி மக்களுக்கு ஒரு பட்டியல், நிலையாகக் குடியிருக்கும் சாமி மக்களுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக நிற்கிறார்கள். பியெஜொவாக்கி என்ற இடத்தில் முன்பு செம்பும் தங்கமும் எடுத்த சுரங்கம் 1991-இல் மூடியது, அதை மறுபடி திறக்க ஒரு ஸ்வீடன் கம்பெனி கேட்டபோது நகராட்சி மன்றம் மறுத்தது. ஆனால் வேலை கிடைக்குமே என்று அதை விரும்பியவர்களும் அதே ஊரில், அதே மொழி பேசுகிறவர்கள்தான். மூவாயிரம் பேருக்குள் இருக்கும் இந்தச் சண்டையை வெளியிலிருந்து வருகிற செய்திகள் பெரும்பாலும் காட்டுவதில்லை.

• இளைஞர்கள் ஊரில் தங்குகிறார்களா?
– வாசகர், ஈரோடு

பலர் படிக்கப் போய்த் திரும்புவதில்லை, வடக்கு நார்வே முழுக்க இதே கதை. 1990-லிருந்து அரசு சலுகை கொடுத்துப் பார்க்கிறது: ஃபின்மார்க்கிலும் அதை ஒட்டிய வட துரோம்ஸிலும் குடியிருந்து வேலை பார்த்தால் வருமான வரி குறைவு, மின்சாரத்துக்கு வரி இல்லை, கல்விக் கடனில் வருஷா வருஷம் ஒரு பகுதி தள்ளுபடி. இருந்தாலும் சலுகைக்காக மட்டும் மைனஸ் நாற்பதில் யாரும் தங்க மாட்டார்கள். தங்குகிறவர்களுக்கு வேறு காரணம் இருக்கிறது, பெரும்பாலும் அதற்கு நாலு காலும் கொம்பும் உண்டு.

• போய்ப் பார்க்க ஆசை. எப்போது போகலாம், சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, புதுச்சேரி

ஈஸ்டர் சமயம். மந்தைகள் கடலோரத்துக்குக் கிளம்புமுன் எல்லோரும் ஊரில் இருக்கும் நாட்கள் அவை, வெயிலும் வந்துவிடும், பனியும் இருக்கும். கல்யாணங்கள், ஞானஸ்நான உறுதிப்பாட்டு விழாக்கள், மான் பந்தயம், யோய்க் என்கிற அவர்களது பாட்டுக்கும் புதுப்பாட்டுக்கும் போட்டி, எல்லாம் அப்போதுதான். கல்யாணத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருவார்கள், அத்தனை பேரும் நீலமும் சிவப்புமாகப் பண்டிகை உடையில். வடதுருவ ஒளி பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, கொசுவுக்கு ரத்ததானம் செய்ய ஜூலை.

ஓஸ்லோவிலிருந்து ஆல்டாவுக்கு விமானம், இரண்டு மணி நேரம். அங்கிருந்து பஸ் அல்லது கார். ரோட்டில் மான் நின்றால் ஹாரன் அடிக்க வேண்டாம், இறங்கிப் போய்ப் படம் எடுக்க வேண்டாம், காத்திருங்கள், அதுவே போகும். மந்தைக்கு மேல் டிரோன் பறக்கவிட்டால் திட்டு வாங்குவது உறுதி, வசந்தத்தில் சினை மான் மிரண்டு ஓடினால் கன்று போய்விடும். விழாவில் ஒருவரைப் படம் எடுக்குமுன் கேட்டுவிட்டு எடுங்கள்.

சாப்பாடு கொஞ்சம் சிரமம்தான். விருந்து என்றால் பிதோஸ், மான் கறியும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு, மசாலா என்று பெரிதாக எதுவும் இல்லை. சைவம் என்றால் ரொட்டி, சீஸ், உருளைக்கிழங்கு, அப்புறம் சதுப்பு நிலத்தில் விளைகிற மஞ்சள் பெர்ரிப் பழம், அது உண்மையாகவே அருமை என்கிறார்கள். ஊறுகாய் பாட்டிலை நீங்களே எடுத்துப் போய்விடுங்கள். ஈஸ்டர் அறைகளுக்குப் பல மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும், ஊரில் தங்கும் இடங்கள் மிகச் சில.